பஸ்தரில் குழந்தைக்குக் காய்ச்சல்: எங்கே கொண்டுபோனால் குடும்பத்துக்கு என்ன செலவாகும்?

மத்திய இந்தியாவின் கிராமப்புற மருத்துவமனைகளுக்குப் பணிக்குப் போகும் தமிழ் மருத்துவர்களும் செவிலியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மலேரியா உள்ள காட்டுக் கிராமத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பெற்றோரை முதலில் எங்கே போகச் சொல்வது? அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம் என்று எடுத்துச் சொன்ன பிறகும் அவர்கள் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்வது ஏன்? இதே கேள்வி வேறொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. திருச்செங்கோடு வட்டாரத்து ஆழ்துளைக் கிணறு வண்டிகளில் சத்தீஸ்கர் இளைஞர்கள் வேலை பார்க்கிறார்கள். ஊரிலிருந்து போன் வருகிறது: பிள்ளைக்குக் காய்ச்சல், பணம் அனுப்பு. எவ்வளவு அனுப்புவது, எங்கே போகச் சொல்வது என்று தெரியாமல் உடன் வேலை பார்ப்பவர்களும் திகைக்கிறார்கள்.

ஓர் இடத்தை வைத்துச் சொன்னால்தான் பதில் பயன்படும். சத்தீஸ்கரின் தெற்கே உள்ள பஸ்தர் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். காங்கேர், கொண்டாகாவ், நாராயண்பூர், பஸ்தர், தந்தேவாடா, பீஜாப்பூர், சுக்மா என்று ஏழு மாவட்டங்கள். கோண்டியும் ஹல்பியும் பேசும் சிற்றூர்கள். ஒரு கிராமம் என்றால் எட்ட எட்டச் சிதறிக் கிடக்கும் பல பாராக்கள், அதாவது குடியிருப்புகள். நாட்டின் மலேரியா குவிந்திருக்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று. உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகைதான் இங்கே மிகுதி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது மருந்தின் விலை அன்று. ஓர் இடத்தில் போய்ப் பலனில்லாமல் அடுத்த இடம், அங்கிருந்து இன்னோர் இடம் என்று அலையும் நாட்களும், அந்த நாட்களுக்குள் முற்றிவிடும் நோயும்தான். முதலில் எங்கே போகிறோம் என்பதே மொத்தச் செலவைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

பலரும் பார்ப்பது கையிலிருந்து அன்றைக்குப் போகும் ரொக்கத்தை மட்டும். ஊசிக்கு எவ்வளவு, மாத்திரைக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு. அது முதல் அளவுகோல். ஆனால் கடைசியில் எடை குறைந்து போவதும் அதுதான்.

இரண்டாவது, இழக்கும் வேலை. சத்தீஸ்கரில் ஊரக வேலைத் திட்டக் கூலி 2024-25-இல் நாளொன்றுக்கு 243 ரூபாய். குழந்தையோடு தாயும் தகப்பனும் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தால் 1,458 ரூபாய்க் கூலி போயிற்று. பீடி இலை பறிக்கும் கோடைப் பருவத்தில் இழப்பு இன்னும் கூடுதல். 2024-இல் மாநில அரசு ஒரு மூட்டைக்கு 5,500 ரூபாய் என்று விலை வைத்தது. மூட்டை என்பது ஐம்பது இலை கொண்ட ஆயிரம் கட்டு. கட்டுக்கு ஐந்தரை ரூபாய். ஒரு நாளில் இருநூறு கட்டு சேர்க்கும் குடும்பம் ஒரு நாள் போகாவிட்டால் 1,100 ரூபாயை விடுகிறது. அந்தப் பருவமோ சில வாரங்களில் முடிந்துவிடும். விட்ட நாளைப் பிறகு பிடிக்க முடியாது. மலேரியா ஏறுவதோ மழைக்காலத்திலும் அதைத் தொட்ட மாதங்களிலும். அப்போது வயலில் நடவு, களையெடுப்பு, பிறகு அறுவடை. போன ஆண்டு நெல் குதிரில் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். கையில் காசும் வீட்டில் நெல்லும் மிகக் குறைவாக இருக்கும் வேளையில்தான் காய்ச்சல் வருகிறது என்பதை மறந்துவிட்டு இலவசம், செலவு என்று பேசுவதில் பொருளில்லை.

மூன்றாவது அளவுகோலுக்கு நான் மிகுந்த எடை தருகிறேன்: காய்ச்சல் தொடங்கியதிலிருந்து ரத்தப் பரிசோதனையும் சரியான மருந்தும் கிடைக்க எத்தனை மணி நேரம் ஆகிறது? ஃபால்சிபாரம் சிறு குழந்தையிடம் ஓரிரு நாளிலேயே முற்றிவிடக்கூடும். 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத் துறை நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. அந்த விதியில் பணக்கணக்கும் அடங்கியிருக்கிறது. அந்த ஒரு நாள் தவறினால் விரல் நுனியில் ஒரு குத்தும் மூன்று நாள் மாத்திரையுமாக முடிந்திருக்க வேண்டியது ரத்தம் ஏற்றுவது வரைக்கும் போகும்.

நான்காவது, மறுபடி போகவேண்டிய வாய்ப்பு. ஐந்தாவது, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. சேமிப்பிலிருந்து எடுத்த ஐந்நூறும் வட்டிக்கு வாங்கிய ஐந்நூறும் ஒன்றாகிவிடாது. இதற்குப் பின்னால் தனியாக வருகிறேன்.

## வீட்டில் காத்திருப்பதும் சிரஹாவிடம் போவதும்

முதல் நாள் காய்ச்சலுக்குப் பெரும்பாலான வீடுகள் செய்வது இதுதான். கஷாயம், ஈரத்துணி, கடையில் வாங்கிய பாராசிட்டமால். மறுநாளும் விடவில்லையென்றால் சிரஹாவை அழைப்பார்கள். பஸ்தரில் தெய்வத்தின் குரலாகப் பேசுகிறவர் அவர். ஒரு கோழி, தேங்காய், அரிசி, இலுப்பைச் சாராயம் என்று பெரும்பாலும் வீட்டில் உள்ளதையே கொடுக்கலாம். ரொக்கம் குறைவு, பயணம் இல்லை, பேச்சு தாய்மொழியில் நடக்கிறது. பயந்துபோன தாயின் பக்கத்தில் பாராவே வந்து உட்காருகிறது. மருத்துவமனையில் கிடைக்காத ஆறுதல் அது. அதை ஏளனம் செய்துவிட்டு அந்த வீட்டில் யாரும் வேறு எந்த அறிவுரையும் சொல்ல முடியாது.

மறைந்திருக்கும் விலை, கழிந்துபோகும் நேரம். மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வரக்கூடியது. இடையில் உடம்பு குளிர்ந்தால் குணமாகிவிட்டது என்று தோன்றும். அடுத்த முறை ஏறும்போது குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

இதை மட்டும் நம்பியிருக்கத் தகுந்த சூழல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதற்கும் அடுத்து வருபவற்றுக்கும் மோதல் தேவையில்லை. விரலில் ஒரு குத்து, இருபது நிமிடம் காத்திருப்பு, பிறகு சிரஹாவின் பூசை என்று வரிசையை மட்டும் மாற்றினால் போதும். சிரஹாவே "முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்ல முன்வந்தால் அந்தப் பாராவில் வேறு எந்தப் பிரச்சாரமும் தேவைப்படாது.

## பையோடு வரும் வைத்தியர்

பட்டம் இல்லாதவர், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து வாரச்சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியவர். பைக்கில் வீடு தேடி வருவார். நடுராத்திரியிலும் வருவார். ஊசி போடுவார், பாட்டில் ஏற்றுவார், வண்ண மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார். சில நூறு ரூபாய். கையில் இல்லையென்றால் அறுவடைக்குப் பிறகு தரலாம், நெல்லாகவும் தரலாம்.

மக்கள் ஏன் இவரிடம் போகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. வீட்டு வாசலில் சேவை, கூலி இழப்பு இல்லை, கடன் வசதி. முதல் இரண்டு அளவுகோல்களில் இவரை வெல்ல யாராலும் எளிதில் முடியாது. அறியாமையால் போகிறார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

விலை பிறகு ஏறுகிறது. பரிசோதனை செய்யாமல் தரும் சிகிச்சையில் மலேரியாவும் நிமோனியாவும் ஒரே ஊசியைப் பெறுகின்றன. மலேரியா ஊசியே போட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆர்ட்டீதர் போன்ற ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் கிருமியை மிக விரைவாகக் கொல்லும்; அதே விரைவில் உடலை விட்டு நீங்கியும்விடும். மிச்சக் கிருமியை அழிக்க நீண்ட நேரம் ரத்தத்தில் தங்கும் துணை மருந்து வேண்டும். அதனால்தான் உறுதியான ஃபால்சிபாரம் நோயாளி எல்லோருக்கும் கூட்டு மருந்து, சுருக்கமாக ஏசிடி, என்பதை இந்தியா 2010-இல் கொள்கையாக்கியது. ஓர் ஊசியிலேயே காய்ச்சல் இறங்கியதும் குடும்பம் நிம்மதி அடைகிறது. சில நாளில் காய்ச்சல் திரும்புகிறது. இன்னோர் ஊசி, இன்னொரு பாட்டில். ஒவ்வொரு முறையும் சில நூறுதான். ஆனால் மூன்றாவது சுற்றின்போது குழந்தையின் ரத்தம் சோகையில் வெளுத்திருக்கும். அவரே கைவிரித்து "ஜக்தல்பூர் நகரத்துக்குக் கொண்டுபோங்கள்" என்பார்.

இவரிடம் போவதே தவறு என்று குடும்பத்திடம் வாதிடுவதில் பயனில்லை. இரண்டு சொற்கள் போதும்: "குத்திப் பார்த்தீர்களா?" என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். விரலில் குத்தி ரத்தம் பார்க்கவில்லையென்றால் ஊசிக்குச் சம்மதிக்காமல், பாராவின் சுகாதாரப் பணியாளரான மிதானினிடம் போகச் சொல்லுங்கள்.

## மிதானின்

2002-இல் சத்தீஸ்கர் தொடங்கிய திட்டம் இது. 2005-இல் நாடு முழுவதும் வந்த ஆஷா பணியாளர் திட்டத்துக்கு முன்னோடி. ஊருக்கு ஒருவர் என்றில்லாமல் பாராவுக்கு ஒருவர் என்று வைத்ததுதான் இதன் உயிர். அதே பாராவில் வாழும் பெண்; அதே மொழி; பெரும்பாலும் உறவு. அவளிடம் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கிட் இருக்கிறது. பதினைந்து இருபது நிமிடத்தில் ஃபால்சிபாரமா, இன்னொரு வகை மலேரியாவான வைவாக்ஸா, இரண்டும் இல்லையா என்று தெரிந்துவிடும். ஃபால்சிபாரம் என்றால் வயதுக்கேற்ற நிறத்தில் உறையிட்ட மாத்திரை உண்டு. ஒரு வயதுக்குள் இளஞ்சிவப்பு, ஒன்று முதல் நான்கு வயது வரை மஞ்சள், ஐந்து முதல் எட்டு வரை பச்சை என்று தேசியத் திட்டம் வகுத்த நிறங்கள். படிக்கத் தெரியாத தாயும் பிழையில்லாமல் கொடுக்கலாம்.

ரொக்கச் செலவு இல்லை. பயணம் இல்லை. இழப்பு அதிகம் போனால் அரை நாள். காய்ச்சல் கண்ட அன்றே மருந்து தொடங்கிவிடுகிறது. ஐந்து அளவுகோல்களில் எதை வைத்துப் பார்த்தாலும் சிக்கலில்லாத காய்ச்சலுக்கு இதைவிடச் சிறந்த முதல் இடம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இதிலும் மறைந்த செலவுகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

முதலாவது, கையிருப்பு. மழையில் பாதை அறுந்துவிட்டால் கிட் தீர்ந்துபோகும். மாத்திரை இருந்து கிட் இல்லாமல் போகும், அல்லது கிட் இருந்து குழந்தைக்குரிய மஞ்சள் உறை மட்டும் இல்லாமல் போகும். அப்படி வெறுங்கையோடு திரும்பிய குடும்பம் அடுத்த முறை நேரே பையோடு வரும் வைத்தியரிடம்தான் போகும். இரண்டாவது, அவளும் உழவுக்குப் போகிறவள். ஒவ்வொரு கிட் பரிசோதனைக்கும் ஒவ்வொரு முழுச் சிகிச்சைக்கும் தேசியத் திட்டம் தருவது சிறு ஊக்கத்தொகைதான். அதை நம்பி அவள் நடவை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. குடும்பத்தின் செலவு குறைவதற்காக அந்தப் பெண்ணின் உழைப்பு மலிவாகப் போகிறது என்ற உண்மையை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பாதியில் நிற்கும் மாத்திரை. ஒரே நாளில் குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கினால் மீதியை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பது வழக்கம். வறுமையில் அது சேமிப்பாகத் தெரிகிறது. வைவாக்ஸ் என்றால் இன்னும் கடினம். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்காக ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பிரைமாகுயின் 14 நாள் தரவேண்டும். நோயில்லாத குழந்தைக்கு இரண்டு வாரம் கசப்பு மாத்திரை கொடுக்க எந்தத் தாய்க்கும் பொறுமை வேண்டும். மாத்திரை கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியது.

நான்காவதுதான் அதிகம் கவனிக்கப்படாதது: கிட் "இல்லை" என்று காட்டினால் என்ன செய்வது? மலேரியா இல்லை என்றால் நோயே இல்லை என்று ஆகாது. மூச்சு வேகமாக இருக்கிறதா, வயிற்றுப்போக்கா, காதில் சீழா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் மறுநாளும் நீடித்தால் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், இல்லையேல் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

காய்ச்சலே இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஜனவரியில் தொடங்கிய மலேரியா இல்லாத பஸ்தர் இயக்கம் வீடு வீடாகப் போய் எல்லோர் விரலையும் குத்திப் பார்த்தது. கிருமி இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் ஏதும் இல்லை. அப்படிக் கிருமியோடு நடமாடும் குழந்தை மெல்ல ரத்தசோகைக்குப் போகிறது. வீட்டில் மற்றவர்களுக்கும் கொசு வழியே பரவுகிறது. அந்தச் சோதனைக்கு ஒரு குடும்பம் செலவிடுவது கால் மணி நேரம். வாசலுக்கு வந்த கிட்டைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது எதிர்காலச் செலவில் மிகப் பெரிய சேமிப்பு.

## அரசு மருத்துவமனை

இதை ஒரே இடமாக எண்ணக்கூடாது. உப சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், சமுதாய சுகாதார மையம், மாவட்ட மருத்துவமனை, அதற்கு மேல் ஜக்தல்பூருக்கு அருகே டிம்ராபாலில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் செலவு மாறுகிறது. சுக்மாவிலிருந்து ஜக்தல்பூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். பீஜாப்பூரிலிருந்து ஏறத்தாழ நூற்று அறுபது. அபூஜ்மாட் மலையில் சாலைக்கு வருவதற்கே கட்டிலைக் கம்பில் கட்டி நோயாளியைத் தூக்கிவர வேண்டிய குடியிருப்புகள் இருக்கின்றன. மழையில் இந்திராவதி பெருகினால் படகுக்குக் காத்திருக்க வேண்டும்.

மருந்து இலவசம், படுக்கை இலவசம், 108 வண்டி இலவசம். இவை பொய்யில்லை. ஆனால் 108-ஐ அழைக்க செல்போன் சிக்னல் வேண்டும். குணமான பிறகு வீடு திரும்புவது சொந்தச் செலவு. தாய்க்கு மூன்று வேளைச் சாப்பாடு. துணைக்கு வரும் இன்னொருவருக்கும் சாப்பாடு. வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, மாட்டை யார் கட்டுவது? இருப்பில் இல்லாத மருந்தை வெளிக்கடையில் வாங்கச் சொல்வது எழுதப்படாத செலவு. ரத்தம் ஏற்றவேண்டி வந்தால் கொடுக்க ஆள் வேண்டும். ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேர் வரவேண்டும். அவர்களுக்கும் பஸ், அவர்களுக்கும் ஒரு நாள் கூலி.

2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்றுப்படி கிராமப்புற இந்தியாவில் அரசு மருத்துவமனையில் ஒரு முறை சேர்ந்ததற்கான மருத்துவச் செலவு சராசரியாகச் சுமார் 4,300 ரூபாய். எல்லா நோய்களுக்கும் சேர்த்த கணக்கு இது. பயணமும் இழந்த கூலியும் இதில் இல்லை. 243 ரூபாய்க் கூலியில் இது பதினேழு பதினெட்டு நாள் உழைப்பு.

மொழியும் ஒரு செலவுதான். செவிலியர் இந்தியில் சொல்வது கோண்டி மட்டும் தெரிந்த தாய்க்குப் புரிவதில்லை. எத்தனை நாள், எதற்கு இந்த ஊசி என்று தெரியாமல் பயந்து, இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் உண்டு. செலவழித்ததும் வீண், சிகிச்சையும் பாதி. மருத்துவமனையில் பணிபுரியும் தமிழர்கள் ஒரு மாதத்துக்குள் கோண்டியிலும் ஹல்பியிலும் பத்து வாக்கியங்களாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். "இன்னும் இரண்டு நாள் இருக்க வேண்டும்", "ஊசி மூன்று முறை", "குழந்தை தேறிவிடுவாள்." ஒரு குடும்பத்தின் பல ஆயிரம் ரூபாயை இந்த மூன்று வாக்கியங்கள் காப்பாற்றும்.

எப்போது இது முதல் இடம்? முற்றிய அறிகுறி தெரிந்தவுடன். முற்றிய மலேரியாவுக்கான ஆர்டிசுனேட் ஊசியை முதல் நாள் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் மூன்று தவணையாகக் கொடுக்கவும், சர்க்கரை தாழ்ந்தால் ஏற்றவும், ரத்தம் கொடுக்கவும் இதுவரை சொன்ன வேறு எந்த இடத்திலும் முடியாது. அதுபோல, மிதானின் இல்லாத பாராவுக்கு உப சுகாதார நிலையம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் அதுவே முதல் இடம். வாரச்சந்தை நாளில் காய்ச்சல் வந்தால் இன்னொரு வழியும் உண்டு: சந்தைக்கே மருத்துவக் குழு வரும் ஹாட் பஜார் கிளினிக் திட்டத்தைச் சத்தீஸ்கர் 2019 அக்டோபரில் தொடங்கியது. எப்படியும் உப்பு வாங்கப் போகும் நாள் என்பதால் பயணச் செலவு தனியாகக் கணக்கில் ஏறாது.

இதே மாநிலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கனியாரி என்ற ஊரில் இயங்கும் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர் குழு ஓர் அருமையான ஏற்பாட்டை நடத்திக் காட்டியது. காட்டுக் கிராமத்தில் ஊர்ப்பணியாளர் எடுத்த ரத்தப்பூச்சை வழக்கமாக ஓடும் பஸ்ஸில் ஆய்வகத்துக்கு அனுப்புவார். முடிவு பஸ்ஸிலேயே திரும்பி வரும். நோயாளி வீட்டில் இருக்க, ரத்தத்துளி மட்டும் பயணம் செய்தது.

## நகரத்துத் தனியார் மருத்துவமனை

ஜக்தல்பூர், ராய்ப்பூர், அல்லது தெற்குச் சுக்மாவின் கோண்டா பக்கத்தவர்களுக்கு எல்லை தாண்டிய பத்ராசலம். விரைவாகப் பார்க்கிறார்கள், மருத்துவர் இருப்பது உறுதி. அரசு மருத்துவமனையில் படுக்கையோ ரத்தமோ இல்லாமல் போகும் இரவில் இது உயிரைக் காக்கும் இடம், அதை மறுக்கவில்லை.

அதே தேசிய மாதிரி ஆய்வு, கிராமப்புறத்தவர் தனியார் மருத்துவமனையில் ஒரு முறை சேர்ந்ததற்கான சராசரிச் செலவைச் சுமார் 27,000 ரூபாய் என்றது. 2024-25 கூலியில் நூறு நாள் வேலை முழுதாகக் கிடைத்திருந்தாலும் ஆண்டுக்கு 24,300 ரூபாய்தான். ஒரு சேர்க்கை அதையும் தாண்டுகிறது.

ஆயுஷ்மான் அட்டை இருக்கிறதே என்பார்கள். 2018 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சேர்க்கையை ஏற்கிறது. புறநோயாளியாக வந்துபோகும் காய்ச்சலை ஏற்காது. பஸ் கட்டணத்தையும் கூலியையும் ஏற்காது. அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் முதலில் ரொக்கம் கட்டவேண்டி வருகிறது. மருத்துவமனை அந்தத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்கவேண்டும்.

இங்கே இரண்டு பரிசோதனைகள் குடும்பத்தின் பணத்தைத் தேவையில்லாமல் உறிஞ்சுகின்றன. ஒன்று, டைபாய்டுக்குச் செய்யும் வைடால் ரத்தப் பரிசோதனை. மலேரியாவோடு "டைபாய்டும் இருக்கிறது" என்று சொல்லிப் பல நாள் ஊசி போடுவதற்கு இந்தப் பழைய பரிசோதனையின் தவறான முடிவே போதுமானதாகிவிடுகிறது. இன்னொன்று மலேரியா கிட்டே. ஃபால்சிபாரத்தைக் கண்டுபிடிக்க, அந்தக் கிருமி விட்டுச்செல்லும் ஒரு புரதத்தைத்தான் அது தேடுகிறது. மருந்து வேலை செய்து கிருமி செத்த பிறகும் சில வாரங்கள் அது பாசிட்டிவ் காட்டலாம். போன வாரம் மிதானினிடம் மாத்திரையை முடித்த குழந்தையைச் சளிக் காய்ச்சலோடு நகரத்துக்குக் கொண்டுபோனால் கிட் பாசிட்டிவ் காட்டும். மலேரியா போகவேயில்லை என்று சேர்த்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் நுண்ணோக்கியில் ரத்தப்பூச்சைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முடித்த மாத்திரையின் காலி உறையைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப்போவது பெரிய உதவி.

## பணம் எங்கிருந்து வருகிறது

ஒரே தொகை வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு காயத்தை உண்டாக்குகிறது. மகளிர் சுய உதவிக் குழுவில் எடுத்தால் வட்டி தாங்கக்கூடியது. கோழியோ ஆடோ விற்றால் இழப்பு அதோடு முடிந்தது. விதை நெல்லை விற்றால் அடுத்த ஆண்டின் விளைச்சல் போகிறது. உழவு மாட்டை விற்றால் பல ஆண்டு போகிறது. பீடி இலைப் பணத்தையோ இலுப்பைப்பூவையோ முன்கூட்டியே வணிகருக்கு எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கினால் அவர் சொன்னதே விலை. இன்னும் மோசமானது, தெலங்கானா, ஆந்திர மிளகாய்த் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியிடம் முன்பணம். கடனை அடைக்கக் குடும்பமே குழந்தையோடு போகும். பள்ளி நிற்கும், தடுப்பூசித் தவணை தவறும்.

அதனால் வெளியூரில் இருப்பவர் பணம் அனுப்பும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு வேண்டும்?" என்பதாக இருக்கக்கூடாது. "ரத்தம் குத்திப் பார்த்தாயிற்றா, என்ன காட்டியது?" என்பதாக இருக்கட்டும். மிதானினிடம் மாத்திரை தொடங்கியிருந்தால் சில நூறு போதும். குழந்தைக்கு முட்டையும் பருப்பும் வாங்க. மாவட்ட மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்றால் மூன்று நான்காயிரத்தை உடனே அனுப்புவது, பிறகு இருபதாயிரம் அனுப்புவதைவிட நல்லது. போனில் அனுப்பிய பணத்தை ரொக்கமாக எடுக்க அவர்கள் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் உள்ள ஒருவரின் கணக்குக்கு அனுப்பினால் அரை நாள் மிச்சம்.

## ஒரே பார்வையில்

| | அன்றைய ரொக்கம் | இழக்கும் வேலை | சரியான மருந்துக்கு ஆகும் நேரம் | மறைந்த செலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|---|
| வீடு, சிரஹா | மிகக் குறைவு | குறைவு | கிடைக்காமலே போகலாம் | கழியும் நாட்கள் | பரிசோதனைக்குப் பிறகு, துணையாக |
| பை வைத்தியர் | சில நூறு, கடனுக்கும் | மிகக் குறைவு | நிச்சயமில்லை | திரும்பத் திரும்ப ஊசி, முற்றும் சோகை | குத்திப் பார்க்காதவரை ஏற்றதன்று |
| மிதானின் | இல்லை | அரை நாள் வரை | அதே நாள் | கையிருப்புத் தீர்வது, பாதியில் நிற்கும் மாத்திரை | அபாய அறிகுறி இல்லாத எல்லாக் காய்ச்சலுக்கும் |
| அரசு மருத்துவமனை | பயணம், சாப்பாடு | இருவருக்குப் பல நாள் | தூரத்தைப் பொறுத்து | வெளி மருந்து, ரத்தம் கொடுக்க ஆள், மொழி | முற்றிய நோய், இரண்டாம் நாளும் விடாத காய்ச்சல் |
| தனியார் | பல ஆயிரம் | இருவருக்குப் பல நாள் | போய்ச் சேர்ந்தால் விரைவு | தேவையற்ற பரிசோதனை, வட்டிக் கடன் | அரசு மருத்துவமனையில் இடமோ ரத்தமோ இல்லாதபோது |

## அட்டவணையை ஒதுக்கிவைக்க வேண்டிய நேரம்

வலிப்பு வந்தால், பால் குடிக்கவோ தண்ணீர் விழுங்கவோ முடியாவிட்டால், கொடுத்ததெல்லாம் வாந்தியானால், எழுப்பினாலும் எழாமல் துவண்டால், உள்ளங்கை வெளுத்திருந்தால், மூச்சு வாங்கினால், சிறுநீர் கறுத்துப் போனால் செலவுக் கணக்குப் பார்க்கக் கூடாது. அந்தக் குழந்தை அன்றே, அந்த மணியிலேயே ஊசி மருந்தும் ரத்தமும் உள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கும், எலும்பும் தோலுமாக இளைத்த குழந்தைக்கும், அரிவாள்செல் சோகை உள்ள குழந்தைக்கும் மற்றவர்களைவிட ஒரு படி முன்னதாகவே கிளம்புவது நல்லது.

## மழைக்கு முன் செய்யவேண்டியது

இந்தத் தேர்வைக் காய்ச்சல் வந்த இரவில் செய்ய முடியாது; ஜூன் முதல் வாரத்தில் செய்துவைக்க வேண்டும். பாராவில் வேலை பார்ப்பவர்கள் மிதானினோடு உட்கார்ந்து கிட் எத்தனை, மஞ்சள் உறை எத்தனை, பச்சை உறை எத்தனை, காலாவதி எப்போது என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் ஆறு பெருகுவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். மிதானின் வயலில் இருக்கும்போது பெட்டியின் சாவி யாரிடம் என்று முடிவு செய்யுங்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டை எல்லோருக்கும் காட்டிவையுங்கள். டிராக்டரோ பைக்கோ வைத்திருக்கும் இருவரிடம் இரவில் கூப்பிட்டால் வரவேண்டும் என்று பேசி, டீசல் காசைச் சுய உதவிக் குழுவின் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க ஒப்புக்கொள்ள வையுங்கள். ஆயுஷ்மான் அட்டையும் ஆதார் நகலும் ஒரு பிளாஸ்டிக் உறையில் கூரைவாரையில் செருகியிருக்கட்டும்.